சாச்சியின் ஜெர்மன்காரர்கள்

சாச்சி என்னை அறைந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அறையப்போவதாகச் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்.

நான் செய்த குற்றம் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடிசையில் தங்கியிருந்தவர்களுக்கு இரண்டு குடம் தண்ணீர் இறைத்து வைக்கச் சொல்லியிருந்தார். “தோ வந்துட்டேன் சாச்சி” என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போனேன். சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று செங்கல்பட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். செங்கல்பட்டில் ஒரே படத்தை மூன்று தடவை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போலக் குடத்தைத் தூக்கினேன்.

சாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கொடத்த வை. இன்னிக்கி நான் கோவத்துல கீறேன். கோவத்துல அடிச்சா அது சரியா வுழாது. வெள்ளிக்கிழம காலைல, நாஸ்தா துன்னப்புறம் உன்ன ஒண்ணு அறைவேன். இப்ப போயி தண்ணி எற.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். புதன்கிழமை எப்போதும்போல இருந்தார். மத்தியானம் எனக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தார். வியாழக்கிழமை எனக்குத்தான் தாங்கவில்லை. “சாச்சி, நாளைக்கு வெள்ளிக்கிழம” என்று மெல்ல எடுத்தேன். “ஞாபகம் கீது. நீ வேலயப் பாரு” என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து இட்லி போட்டார். போதுமா என்று கேட்டார். கை கழுவி வரச் சொன்னார். வந்து நின்றேன்.

“எந்தப் பக்கம் பல்லு வலி?”

எனக்கு வலது கடைவாயில் ஒரு சொத்தைப்பல் வெகுநாளாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. வலது என்றேன். இடது கன்னத்தில் அறைந்தார். கடற்கரைக் காகங்கள் எழுந்து பறந்தன என்று எழுதலாம், ஆனால் அவை இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்குத்தான் காது அடைத்தது.

“முடிஞ்சிது. போயி ரூமப் பெருக்கு” என்றார்.

அதற்கு முன் நான் நிறையப் பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்பா, வாத்தியார், சிங்கப்பெருமாள் கோயில் செங்கல் சூளை மேஸ்திரி, கூடுவாஞ்சேரி ரயில்வே கேட் ஓரத்து டீக்கடைக்காரர். யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை. யாரும் பல்லை விசாரித்ததுமில்லை.

சாச்சி செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பிறந்த ராவுத்தர் வீட்டுப் பெண். புருஷன் செத்தபிறகு மாமல்லபுரத்துக்கு வந்து, ஊருக்குத் தெற்கே சவுக்குத்தோப்பு ஓரம் ஒரு ஓட்டு வீட்டிலும் இரண்டு கீற்றுக் குடிசையிலுமாகக் காலம் தள்ளினார். வீட்டில் அவர் இருந்தார். குடிசைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஒல்லியான நெட்டை உடம்பு, வெள்ளைப் புடவை, மணிக்கட்டில் புருஷனுடைய கைக்கடிகாரம். கடிகாரம் தொளதொளவென்று முழங்கை வரை போய்விட்டுத் திரும்பி வரும். ஊரே அவரைச் சாச்சி, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிட்டது. போலீஸ் ஏட்டுகூட. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போனவன், அங்கே வேலை முடிந்ததும் கடற்கரையை ஒட்டி வடக்கே நடந்து, பசியில் அவர் வாசலில் உட்கார்ந்தேன். சோறு போட்டார். குடம் ஒன்றைக் காட்டினார். ஏழாவது வரை படித்திருக்கிறேன் என்று தெரிந்ததும், தங்குகிறவர்களின் பேரை எழுதும் நோட்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த எழுபதுகளில் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களை ஊர் ஒரே வார்த்தையில் அடைத்தது. வெள்ளைக்காரன். மீறிப்போனால் ஹிப்பி. சாச்சியிடம் வார்த்தைகள் நிறைய இருந்தன, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைச் சொன்னால் கோபம் வரும். புதிதாக வந்து பையை இறக்குகிறவன் ஃபாரின்காரன். அவன் எப்படிப்பட்டவன் என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். காரில் வந்து இறங்கி, உள்ளே வராமல் வெளியே நின்றபடி விசாரித்துவிட்டுப் போகிறவன் துரை. அவனுக்கு எந்த நாடும் கிடையாது. எதற்கெடுத்தாலும் சாரி சொல்லுகிறவன் வெள்ளைக்காரன். “தட்ட ஒடச்சிட்டு சாரி சொல்றான், ஒடைக்கிறதுக்கு முன்னாடியும் சாரி சொல்றான். அவன் பேச்ச வச்சிகினு தட்டு ஒடஞ்சிதா இல்லியான்னே தெரியல” என்பார். வருகிறேன் என்ற நாளில் வராமல், போகிறேன் என்ற நாளில் போகாமல், குடிசைக்கு முன்னால் துண்டை விரித்துப் படுத்திருப்பவன் ஹிப்பி. முடி வளர்த்தவனா மொட்டையா என்பதெல்லாம் கணக்கில்லை. சுத்தமாகச் சவரம் செய்த ஒரு பாங்கு அதிகாரியை அவர் ஹிப்பியில் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஜெர்மன்.

சொன்னதைச் செய்கிறவன், செய்யப்போவதை முதலிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவன், அவன்தான் ஜெர்மன். அவன் எந்த நாட்டில் பிறந்தான் என்று சாச்சி கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை இருக்கும். புதிதாக வருகிறவன் முன்னால் கடிகாரக் கையை நீட்டி, “யூ டெல், யூ டூ” என்பார். அதைப் புரிந்துகொண்டு எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பாடு என்று சொல்லி, சொன்னபடி நடந்தவர்கள் எல்லாம் ஜெர்மன் ஆனார்கள். இரண்டு பிரெஞ்சு அக்கா தங்கைகள், ஒரு கனடாக்காரர், ஸ்விஸ் கிழவர் ஒருவர். நிஜமாகவே ஜெர்மனியிலிருந்து ஒரு பையன் வந்தான். பத்தாம் தேதி போகிறேன் என்றவன் ஒன்பதாம் தேதி விடிகாலையில் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். நாய் உள்ளே புகுந்து தலையணையைக் குதறி வைத்திருந்தது.

“எழுதிக்கோ. ஹிப்பி” என்றார் சாச்சி.

“சாச்சி, அவன் பாஸ்போர்ட்ல ஜெர்மனின்னு போட்டுகீது. நானே பார்த்தேன்.”

“பாஸ்போர்ட்ல போடறவன் அவன் கூட பத்து நாளு இருந்தானா?”

எழுதினேன். வாக்குவாதம் செய்தால் சோறு ஆறிப்போகும்.

இந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். புருஷன் வேலை பார்த்த தோல் ஷாப்பில் ஒரு மெஷின் இருந்ததாம். ஜெர்மன் மெஷின். தோலைச் சீவுவது. அதன் மேல் ஒரு கை படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருந்ததாம். கையை உள்ளே விடாதே என்று.

“இவுரு வுட்டாரு. ரெண்டு வெரலு பூட்ச்சி” என்றார். “ஆஸ்பத்திரில எல்லாரும் மெஷின திட்டறாங்கோ. அப்ப நான் கேட்டேன், அது சொல்லிச்சா இல்லியான்னு. சொல்லிச்சின்னாரு. எத்தினி வருசமா சொல்லிகினு கீதுன்னு கேட்டேன். பதினோரு வருசம்னாரு. பதினோரு வருசமா சொல்லிகினே இருந்துட்டு ஒரு நாளு செஞ்சிது. இதுல இன்னா தப்பு கீது? எங்க வாப்பாவும்தான் இருந்தாரு. சொல்லாமலே எனக்கு நிக்காஹ் பேசி முடிச்சாரு.”

புருஷன்மேல் அவருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. எட்டு விரல்காரர் கட்டியிருந்த கடிகாரத்தைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

உள்ளூரில் ஒரே ஒரு ஜெர்மன் இருந்தார். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதுகிற மனிதர். நான் சாச்சியைச் சீண்டுவதற்காக, “இந்த ஊர்ல ஒரு பஸ்ஸும் நேரத்துக்கு வர்றது இல்ல, அவுரு எப்டி ஜெர்மன் ஆனாரு?” என்று கேட்டேன்.

“பஸ்ஸு லேட்டுதான். ஆனா லேட்டுன்னு கேக்கறவன் மூஞ்சிக்கு நேரா சொல்றான் பாரு. மத்த ஊர்ல, தோ வருதுன்னுவானுங்கோ.”

அந்த டைம் கீப்பருக்கே இந்தப் பட்டத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. அவருடைய அப்பா மெட்ராஸ் பட்டணத்தில் இருந்தவர். முதல் யுத்தத்தில் ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் ராத்திரியில் வந்து பட்டணத்துமேல் குண்டு போட்டதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டே இருப்பாராம். அதிலிருந்து யாராவது கெட்டிக்காரப் போக்கிரியாக இருந்தால் அவனை எம்டன் என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கம். “நீ என்னை ஜெர்மன்ற. எங்க நைனா கேட்டா சண்டைக்கு வருவாரு சாச்சி. எம்டனும் ஜெர்மன்தானே?” என்று அவர் கேட்டார்.

சாச்சிக்கு இது புதுச் செய்தி.

“வரேன்னு சொல்லிட்டு வந்துச்சா?”

“குண்டு போட வர்றவன் எப்டி சொல்லிட்டு வருவான்?”

“அப்ப அது ஜெர்மன் இல்ல” என்றார் சாச்சி. கப்பல் விவகாரம் அத்தோடு முடிந்தது.

இன்னொரு தடவை நான் ஜெர்மன் சில்வர் தட்டைக் காட்டி, வெள்ளி என்று சொல்லிவிட்டு உள்ளே வெள்ளியே இல்லையே என்று மடக்கினேன். தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் மீன் ஆய்ந்துகொண்டே, “அந்தப் பேர ஜெர்மன் வச்சிருக்க மாட்டான். விக்கிறவன் வச்சான்” என்றார். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் எதில் சேர்த்தி என்று கேட்டால், “நீ இன்னும் ஃபாரின்கூட ஆவல” என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வேலை செய்த எந்த இடத்தையும் சொல்லிவிட்டு விட்டதில்லை. போகிறேன் என்று சொன்னால் பாக்கிக் கூலியைப் பிடித்துக்கொள்வான், அல்லது இரு இரு என்று கெஞ்சுவான். இரண்டும் தொல்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து போய்விட்டால் தொல்லை இல்லை. வீட்டைவிட்டும் அப்படித்தான் வந்தேன்.

இனி நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கிறவர்கள் அவர்கள் பேர், நாடு, வந்த நாள், போன நாள் நான்கையும் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். அது எமர்ஜென்சி நேரம். பஸ்கள்கூட நேரத்துக்கு ஓடுகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. டைம் கீப்பரின் நோட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆபீசர்கள் கெடுபிடியாகத்தான் இருந்தார்கள்.

ஒரு ஹாலந்துப் பெண் எங்கள் குடிசையில் இருபத்துமூன்று நாள் தங்கினாள். வந்த இரண்டாம் நாளே சாச்சியிடம், மீன் குழம்பில் உப்பு அதிகம் என்றாள். அதுவரை அத்தனை பேரும் ‘குட், குட்’ என்று கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டவர்கள். சாச்சி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். குழம்பை அப்படியே கொண்டுபோய் மண்ணில் கொட்டிவிட்டு, வேறு வைத்தார். “எழுது. ஜெர்மன்” என்றார். இரண்டு நாளில் அந்தப் பட்டம் யாருக்கும் கிடைத்ததில்லை. போகும்போதும், சனிக்கிழமை ஆறு மணிக்கு என்று சொல்லி, ஆறு மணிக்குப் போனாள். எங்கே போகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை.

ஒரு மாதம் கழித்து ஏட்டு சைக்கிளில் வந்தார். ஹாலந்து தேசத்தில் ஒரு தகப்பன் தன் மகளிடமிருந்து கடிதம் வரவில்லை என்று மனுக் கொடுத்திருக்கிறாராம். கடற்கரை முழுக்க விசாரிக்கிறார்களாம். “ஹாலந்துக்காரி யாராச்சும் வந்தாங்களா சாச்சி?”

சாச்சி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டினேன். ஹாலந்து என்ற வார்த்தையே அதில் இல்லை.

“இல்ல” என்றோம் இருவரும். பொய் சொல்லவில்லை. அவளை நாங்கள் அப்படி நினைத்ததே கிடையாது.

ஒரு வாரம் அலைந்தபிறகு அவர்களுக்கு ஒரு போட்டோ வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் காட்டியதும், சாச்சி வூட்டுப் பொண்ணு என்று மூன்று பேர் சொன்னார்கள். பெண் பாண்டிச்சேரியில் சௌக்கியமாக இருந்தாள். கடிதம் போடச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் செங்கல்பட்டு ஆபீசர் ஜீப்பில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். நோட்டை வாங்கி, நின்றுகொண்டே ஒரு பக்கம் படித்தார். உட்கார்ந்து இன்னொரு பக்கம் படித்தார்.

“ஜெர்மன், ஜெர்மன், ஹிப்பி, ஜெர்மன், வெள்ளைக்காரன், ஜெர்மன்” என்று வாய்விட்டுப் படித்தார். “ஏம்மா, ஹிப்பின்னு எங்க ஒரு தேசம் இருக்கு?”

“தேசமில்ல சாமி. அவன் அப்படி.”

“சரி, ஜெர்மன்னு போட்டிருக்கே, இதுல எது கிழக்கு ஜெர்மனி, எது மேற்கு ஜெர்மனி?”

சாச்சி முதல் தடவையாகக் குழம்பிப்போனார். “ரெண்டு கீதா?”

“ரெண்டு இருக்கு.”

“ரெண்டும் சொன்னா செய்யுமா?”

ஆபீசர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு வாரம் வெயிலில் அலைந்தவர். சிரிக்கும் நிலையில் இல்லை. பொய்யான ரிஜிஸ்டர் வைத்திருந்ததற்குக் குடிசைகளைப் பூட்டலாம், கேஸும் போடலாம் என்றார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நோட்டுடன் செங்கல்பட்டு ஆபீசுக்கு வர வேண்டும், எழுதியவனும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குடிசைகள் போனால் சாச்சிக்கு வேறு வழி கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏட்டு பின்தங்கி நின்று வழி சொல்லிக் கொடுத்தார். “சாச்சி, உனக்குப் படிக்கத் தெரியாது. எழுதறவன் தப்பா எழுதிட்டான்னு சொல்லு. வுட்டுடுவாரு.” என்னைப் பார்த்து, “நீ கோச்சிக்காத மச்சான். உனக்கு ரெண்டு அடி, நாலு திட்டு. அவ்ளோதான்” என்றார்.

“அவன் தப்பா எழுதல. நான் சொன்னேன், எழுதினான்” என்றார் சாச்சி.

“அது எனக்குத் தெரியும். அங்க வந்து அப்டி சொல்லாத.”

“அங்க வந்தா வேற மாரி சொல்லுவனா?”

ஏட்டு தலையிலடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

எனக்குப் பயம். அந்த நாளில் என்னைப் போல ஊர் பேர் இல்லாதவனை ஆபீசுக்குள் கூட்டிப்போனால் எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது. ஓடிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எழுதியவன் ஓடிப்போனால் பழி அவன்மேல் போகும், சாச்சிக்கும் நல்லது என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். நியாயம் பிறகு வந்தது. பயம்தான் முதலில் வந்தது. வழக்கம்போல எழுந்து போயிருக்கலாம். ஏனோ, செவ்வாய்க்கிழமை அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன்.

“சாச்சி, நான் ஓடிப் போறேன்.”

சாச்சி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “எப்போ?”

“நாளைக்கி. நாலு மணி பஸ்ல.”

“எங்க?”

“கூடுவாஞ்சேரி. பழய டீக்கடைக்கு.”

“சரி” என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தபடியே, “ஜெர்மன்” என்றார்.

இரண்டு வருடமாக வேலை செய்து, தண்ணீர் இறைத்து, அறை வாங்கிக் கிடைக்காத பட்டம், அவரை நட்டாற்றில் விட்டு ஓடப்போகிறேன் என்று சொன்னதற்குக் கிடைத்தது.

புதன்கிழமை மத்தியானம் எனக்கு மனசு மாறிவிட்டது. போகாவிட்டால்தான் என்ன என்று கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்குச் சாச்சி என் துணியை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இன்னும் இன்னா குந்திகினு கீற? நாலு மணின்னியே.”

“இல்ல சாச்சி, இருக்கலாம்னு பாக்கறேன்.”

“நேத்து சொல்லும்போது பாக்கலியா? எந்திரி.”

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். டைம் கீப்பர் எங்களைப் பார்த்ததும் “ஐம்பது நிமிசம் லேட்டு” என்றார். அந்த ஐம்பது நிமிடமும் சாச்சி பக்கத்தில் நின்றார். பஸ் வந்ததும் மூட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். உள்ளே ஒரு தூக்கில் சோறும் வறுத்த மீனும் இருந்தன.

அடுத்த நாள் பதினோரு மணிக்குச் சாச்சி மட்டும் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறார். எழுதியவன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஏட்டு கண்ணைக் காட்டியிருக்கிறார். சாச்சி சொன்னாராம்: “நான் சொன்னேன், அவன் எழுதினான். நேத்து நாலு மணி பஸ்ல ஓடிட்டான். சொல்லிட்டுத்தான் ஓடினான். கூடுவாஞ்சேரி கேட்டாண்ட டீக்கடைல கீறான்.”

வெள்ளிக்கிழமை மாலை நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது ஏட்டு வந்து நின்றார். “வா. உன் சாச்சி மாதிரி ஒரு சாட்சிய நான் பார்த்ததே இல்ல” என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசர் என்னை ஒரு நாள் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு புது நோட்டைக் கொடுத்து, ஞாபகம் இருக்கிறவர்களையெல்லாம் பாஸ்போர்ட்டில் என்ன நாடு பார்த்தாயோ அந்த நாட்டின் பேரில் எழுது என்றார். எழுதினேன். ஓடிப்போனவன் பேரையும் ஊரையும்கூட ஒளிக்காமல் சொல்கிற பொம்பளை பொய் ரிஜிஸ்டர் வைக்கமாட்டாள் என்று ஏட்டிடம் சொன்னாராம். குடிசையை நடத்தலாம். ஒரே நிபந்தனை. யார் வந்தாலும் அன்றைக்கே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத வேண்டும். எழுதுகிறவன் இடத்தைவிட்டு நகரக்கூடாது. ஒரு நாள் விட்டுப்போனாலும் பூட்டுதான்.

என்னைக் கூட்டிப்போக வந்திருந்த சாச்சி, திரும்பும் பஸ்ஸில் புது நோட்டைப் பிரிக்கச் சொன்னார். ஹாலந்து, கனடா, பிரான்ஸ், ஸ்விஸ் என்று படித்தேன். தலையணை நாய் குதறிய பையனுக்கு ஜெர்மனி என்று இருந்தது.

“இப்ப இத வச்சிகினு யாரு எப்டின்னு எவனுக்குத் தெரியும்?” என்றார். அதற்குமேல் தகராறு செய்யவில்லை. அன்றிலிருந்து நோட்டு ஆபீசர் சொன்னபடி நடந்தது. வாயில் மட்டும் பழைய கணக்குத்தான்.

நான் ஏழு மாதம் நகராமல் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நாள் ஒழுங்காகச் செய்த வேலை வேறு இல்லை. ஏழாம் மாதம் நோட்டு தீர்ந்துபோனது. புது நோட்டு வாங்கச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். கடையில் நோட்டை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். நெல்லூருக்குப் போகிற லாரி ஒன்று நின்றிருந்தது. கிளீனர் இல்லை, வருகிறாயா என்று டிரைவர் கேட்டார். கோபம் இல்லை, பயம் இல்லை, ஒரு காரணமும் இல்லை. ஏறிவிட்டேன்.

அந்த நோட்டில் லோடு கணக்கு எழுதினேன். பாதிக்கு மேல் பீடி பற்ற வைக்கக் கிழித்தேன். அவ்வப்போது அந்தக் குடிசைகளின் நினைப்பு வரும். வந்தால் தூங்கிவிடுவேன்.

மூன்று வருடம் கழித்து, கிளீனர் வேலையும் போய், மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மத்தியானம் இறங்கினேன். சாச்சியிடம் சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். டைஃபாய்டு என்பது அதன் சுருக்கம்.

தகரக் கூண்டில் அதே டைம் கீப்பர். தலை வெளுத்திருந்தது. என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

“வா. குந்து” என்றார். இரண்டு டீ சொன்னார்.

டைஃபாய்டை எடுத்தேன். “அது வேணாம்” என்றார். பிறகு அவரே சொன்னார். நான் போன அன்று சாயங்காலத்திலிருந்து கடைசி பஸ் வரை சாச்சி இந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். குடிசையில் அப்போது நான்கு பேர் தங்கியிருந்தார்கள். எழுத ஆள் இல்லை. மூன்றாம் நாள் சாச்சி தானே ஏட்டிடம் போய், மூன்று நாளாக எழுதவில்லை என்று சொன்னார். பூட்டிவிட்டார்கள்.

“போயி சொன்னாங்களா? யாரும் வந்து கேக்காமலேயா?”

“சாச்சிதானே” என்றார் டைம் கீப்பர். “அப்பால இங்கதான், தோ இந்த எடத்துல, இட்லி வித்துகினு இருந்துது. போன வருசம் மழைக்கு முன்னாடி மௌத்தாயிடுச்சி. காச்சல். நாலு நாளுல உசுரு பூட்ச்சி.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

“என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லிச்சா?”

“திட்டல. நீ திரும்பி வந்தா உன்ன ஒண்ணு அறையணும்னு சொல்லிகினு இருந்துது. போற வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடைசில என்னக் கூப்ட்டு, என்னால முடியாது போலக்கீது, நீ செஞ்சிடுன்னுச்சி. செய்யறேன்னு சொல்லிட்டேன்.”

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. எனக்கும் அவருக்கும் முன்பின் எந்த விரோதமும் கிடையாது. அவர் அதுவரை யாரையும் அடித்திருப்பார் என்று தோன்றவில்லை.

“எப்போ?” என்று கேட்டேன்.

கூண்டுக்குள் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி பஸ்ஸ அனுப்பிட்டு.”

மணி மூன்றே முக்கால். அவர் நோட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் இட்லிக் கடை இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். மண்ணில் மூன்று கருத்த கற்கள் இருந்தன.

பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. படி எனக்கு நேர் எதிரே வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். உள்ளே இடம் இருந்தது. கண்டக்டர் என் மூட்டையைப் பார்த்துவிட்டு, “ஏறலியா அண்ணாத்த?” என்று கேட்டான்.

“இல்ல. கொஞ்சம் வேல கீது.”

பஸ் போயிற்று. டைம் கீப்பர் நோட்டில் இருபது நிமிடம் லேட்டு என்று எழுதி, பேனாவை மூடி, கூண்டைவிட்டு வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“எந்தப் பக்கம் பல்லு வலி?” என்று கேட்டார்.